கண்மணியக்காவின் ஆண்பனை

புதிதாக நியமனக் கடிதம் வாங்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போகப்போகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் என் பிழைகளைத் தவிர எழுதுவதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றறிக்கைகளைப் பயிற்சியில் படிப்பிப்பார்கள். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி என்பதை ஒரு கிழமைக்குள் நீங்களே பழகிவிடுவீர்கள். அதனால் நான் ஒரு பனைமரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த மரம் இன்றைக்கும் நிற்கிறது. அது நிற்பதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது விழப் பார்த்ததற்கும் நான்தான் காரணம். அதை அவர்கள் மரியாதைக்காகச் சொல்வதில்லை.

நான் மட்டக்களப்பு நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். கிராம உத்தியோகத்தராக, அதாவது சனங்களுடைய வாயில் ஜி.எஸ். ஆக, முதலில் வேலை செய்த பிரிவுகளும் நகரத்தை ஒட்டியவைதான். அங்கே சனங்கள் கொண்டுவருகிற வழக்குகள் வடிகான், மதில், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர். நாற்பத்தெட்டாவது வயதில் படுவான்கரைக்கு, வாவியின் மேற்குக் கரைக்கு, இடமாற்றம் வந்தது. காலையில் ஸ்கூட்டியில் துறைக்கு வந்து, 'பாதை'யில் ஏறுவேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மண்டூர்ப் பக்கம் இறங்கினால், இரண்டு பக்கமும் வயல் கிடக்கிற வட்டையின் நடுவால் அரை மணித்தியால ஓட்டம். அந்த ஓட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேலை எப்படியோ, காற்று நல்ல காற்று.

சொந்த வீட்டு வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாத மரங்கள் மூன்று என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பலா, ஈரப்பலா, பெண்பனை. பஞ்சம் வந்தால் சோற்றுக்குப் பதிலாக நிற்கிற மரங்கள் என்பதால் சட்டம் அவற்றுக்குக் காவல் நிற்கிறது. பலாவிலும் ஈரப்பலாவிலும் சிக்கல் இல்லை, குருடனுக்கும் தெரியும். நான் வந்த புதிதில் ஒருவர் பலாமரத்தைத் தறிக்க விண்ணப்பம் கொண்டுவந்தார். காரணம் என்ற இடத்தில் 'பழம் மோட்டார் சைக்கிளில் விழுகிறது' என்று எழுதியிருந்தார். மோட்டார் சைக்கிளைத் தள்ளி நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த புத்தி பிறகு பனை விசயத்தில் எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

பனையில் பெண்ணுக்குத்தான் சட்டத்தின் காவல். ஆண்பனைக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஜி.எஸ். நேரில் பார்த்து 'இது ஆண்பனை' என்று எழுதிக் கொடுத்தால் அலுவல் முடிந்தது. அப்படி எழுத வேண்டுமானால் ஆண் எது பெண் எது என்று ஜி.எஸ்.ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது ஒரு கையேட்டின் இரண்டு பக்கத்தில் படித்த அறிவு. பெண் காய்க்கும். ஆண் காய்க்காது, விரல் தடிப்பில் ஒரு சாண் நீளமான பூக்கதிர்களைக் கீழே கொட்டும். படித்து முடித்ததும் இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

கண்மணியக்கா என் கந்தோருக்கு, அலுவலகத்துக்கு, வந்தது ஒரு ஆனி மாதக் கடைசியில். ஐம்பதை நெருங்கிய வயது. ஆள் படியேறும் முன்னரே குரல் ஏறிவிடும். கணவர் கட்டாரில் சாரதி. வளவு, வயல், மகள், மேசன் எல்லாவற்றையும் தனியாக நடத்திக்கொண்டிருந்தவர்.

"மிஸ், ஒரு கடிதம் வேணும். என்ர வளவில ஒரு ஆண்பனை நிக்குது, தறிக்கணும். நாளைக்கே வந்து பாருங்க. நாளைக்கு ஏலாட்டி இண்டைக்கு வாங்க."

விசயம் இதுதான். ஒரே மகள் பவித்ராவுக்கு ஆவணிக் கடைசியில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருகிறவர். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது தாய் வீட்டின் கடமை. வீடு முடியாமல் கலியாணம் நடக்காது. இரண்டு அறையும் விறாந்தையும் எழும்பிவிட்டன. குசினிக்கு, சமையலறைக்கு, அத்திவாரம் வெட்ட வேண்டிய இடத்தில், சரியாக நடுவில், அந்தப் பனை நின்றது. மாப்பிள்ளையின் தாய் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, குசினி இல்லாத வீட்டுக்கு மகனை அனுப்ப மாட்டேன், நாளைத் தள்ளிப்போடுவோம் என்று சொல்லியிருந்தார். நாளைத் தள்ளினால் கலியாணமே தள்ளிப்போய்விடும் என்று கண்மணியக்காவுக்குப் பயம். அதற்கு முதல் இரண்டு சம்பந்தம் அப்படித்தான் தள்ளித் தள்ளியே இல்லாமல் போயிருந்தது. குரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தப் பயம் கண்ணில் தெரிந்தது. எனக்கும் உதவ வேண்டும் என்று இருந்தது. உதவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பரிசோதிக்கப் போவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் போனேன். கச்சான் காற்று மேற்கிலிருந்து புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பனையை அண்ணாந்து பார்த்தேன். வருடக்கணக்காக ஒருவரும் ஓலை கழிக்காத மரம். காய்ந்த காவோலை கழுத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கியது. காய் ஒன்றும் கண்ணில் படவில்லை. குனிந்து பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி, கையேட்டில் படம் போட்டிருந்த அதே கதிர்கள், காய்ந்து கறுத்துப்போய் நிறையக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

வேலிக்கு மேற்கே இன்னொரு வளவு. அங்கேயும் ஒரு பனை நின்றது. அதையும் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்மணியக்காவின் தங்கை தங்கம். தாய் தன் வளவை இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடம். ஏன் பேசவில்லை என்று இருவரும் எனக்கு வெவ்வேறு கதை சொன்னார்கள். இரண்டிலும் ஒரு கோழி வந்தது.

"மிஸ், அது பொண்பனை," என்றார் தங்கம். "நான் சின்னதில திண்டு வளந்த பழம்."

கண்மணியக்கா அந்தப் பக்கம் திரும்பாமலே எனக்குச் சொன்னார்: "ஆரோ எதுவோ சொல்லுவாங்க. கலியாணம் நடக்கக் கூடாதெண்டு நிக்கிற ஆக்கள். நீங்க படிச்சவங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க மிஸ்."

படிச்சவங்க என்ற சொல் வேலை செய்தது. பேசாத தங்கை, அதுவும் வேலிக்கு அங்கால் நின்று சொல்வது, பொறாமையில்லாமல் வேறென்ன என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஸ்கூட்டியின் இருக்கையில் கடதாசியை வைத்து, 'நேரில் பரிசோதித்தேன். காய்ப்பு இல்லை. ஆண் பாளைக் கதிர்கள் காணப்பட்டன. ஆண்பனை' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். பிரதேச செயலகத்திலும் அதன்மேல் ஒப்பமிட்டார்கள். ஜி.எஸ். நேரில் பார்த்திருக்கிறார் என்றால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

மரம் தறிக்கிற நாளில் எனக்கு அங்கே வேலை இல்லை. அந்தத் தெருவில் வாக்காளர் இடாப்புப் படிவம் கொடுக்கப் போனவள், சத்தம் கேட்டு வாசல் படலையில் நின்றேன். வளவு கலகலவென்று இருந்தது. மேசனும் அவருடைய ஆட்களும் அத்திவாரம் வெட்ட மண்வெட்டியோடு தயாராக நின்றார்கள். மரத்தை இழுக்க உழவு இயந்திரம் வந்திருந்தது. ஊரில் மரம் ஏறித் தறிக்கிற மயிலண்ணன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்மணியக்கா கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டி கொடுத்து, கலியாண வீட்டுக்கு முதல் விருந்தாளி நான்தான் என்றார்.

மயிலண்ணன் உச்சிக்குப் போய்க் காவோலையை வெட்டித் தள்ள ஆரம்பித்தார். பத்துப் பன்னிரண்டு ஓலை விழுந்திருக்கும். பிறகு சத்தம் நின்றது. மேலே இருந்து அவருடைய குரல் மிக அமைதியாக வந்தது.

"மிஸ், உங்கட கடிதத்தில என்ன போட்டிருக்கு?"

"ஆண்பனை எண்டு," என்றேன்.

"அப்ப ஆண்பனை புள்ள பெத்திருக்கு."

ஒரு பழம் வந்து விழுந்தது. கறுத்து, உருண்டு, மணக்க மணக்க, மேசனின் காலைத் தாண்டி வந்து என் கதிரைக்கு முன்னால் நின்றது. மேலே காவோலைக்குள் ஒரு முழுக் குலை ஒளிந்திருந்திருக்கிறது.

அந்த இடத்தில் நின்ற எல்லாரும் முதலில் பழத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மேசன் நல்ல மனுசன், எனக்குக் கிட்ட வந்து குனிந்து மெல்லச் சொன்னார்: "மிஸ், கண்டது நாங்க ஏழெட்டுப் பேர். பழத்தைச் சுட்டுத் திண்டா அலுவல் முடிஞ்சிது. மரம் விழுந்த பிறகு ஆணென்ன, பொண்ணென்ன."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் சொன்னது எனக்கு மிக நியாயமாகப் பட்டது. கடிதம் இருக்கிறது, மேலிடத்து ஒப்பம் இருக்கிறது, கலியாணம் இருக்கிறது, எல்லாரும் என் பக்கம் இருக்கிறார்கள். பேசாமல் தேநீரைக் குடித்து முடித்தால் போதும். உண்மையில் ஒரு மிடறு குடிக்கவும் செய்தேன். வேலிக்கு அங்கால் தங்கம் நின்றார். நான் சொன்னேன்தானே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கத்தியிருந்தால் நானும் வீம்புக்குக் கத்தி மரத்தை விழுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பேசாமல் நின்றதுதான் எனக்கு வெட்கமாகப் போனது.

எழும்பி நின்று, "மயிலண்ணன், இறங்குங்க. மரத்தில கத்தி வைக்க வேணாம். பிழை என்ர," என்றேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்: "கண்மணியக்காவில பிழையில்ல. பாத்து எழுதினது நான். கீழ கிடந்த பூக்கதிரைப் பாத்து ஏமாந்திட்டன். அது அங்கால வளவுப் பனையில இருந்து கச்சான் காத்தில பறந்து வந்திருக்கு."

கண்மணியக்கா அப்போது வாயே திறக்கவில்லை. நான் அவரைத் தெரிந்திருந்த காலம் முழுவதிலும் அவர் சத்தமில்லாமல் நின்றது அந்த ஒரு நிமிடம்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிர்ச்சி என்று நினைத்தேன். மயிலண்ணன் இறங்கி, உழவு இயந்திரக்காரர் இயந்திரத்தைத் திருப்பியதும்தான் அவருக்குக் குரல் வந்தது.

"பொம்புளப் புள்ளைக்கு வீடு கட்டப் போனா, பொம்புளப் பனை வழி மறிச்சுக்கொண்டு நிக்குது. ரெண்டும் என்ர தலையிலதான்." சொல்லிவிட்டு விறாந்தையில் இருந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் ஜி.எஸ். அழுதால் படிவத்தை யார் நிரப்புவது என்று அடக்கிக்கொண்டேன்.

அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். பையில் இரண்டு கடதாசி. ஒன்று, என் கடிதத்தை ரத்துச் செய்யும்படி நானே எழுதியது. மற்றது, பெண்பனையைத் தறிக்க முறைப்படி அனுமதி கேட்கும் விண்ணப்பம், 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில். அங்கே மரக் கோப்புகளைப் பார்த்தவர் ஏறாவூர்த் தம்பி ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. நான் வேலையில் கற்றுக்கொண்டவற்றில் பாதி அந்தத் தம்பியிடம்தான். வயதைப் பார்த்துக் கேட்காமல் விட்டிருந்தால் எனக்குத்தான் நட்டம்.

இரண்டையும் வாசித்தார். சிரிக்கவில்லை. அதற்கு அவரை நான் இன்றைக்கும் வாழ்த்துவேன்.

"ரத்துச் செய்யுறது இண்டைக்கே செய்யலாம் மிஸ். உங்களிட்ட விளக்கம் கேப்பாங்க, ஒரு வரியில உண்மையை எழுதுங்க. நீளமா எழுதினா மறுகா அதுக்கும் விளக்கம் கேப்பாங்க. மற்றது..." சிவப்பு மையைத் தொட்டுப் பார்த்தார். "இது எப்ப முடியும் எண்டு என்னால சொல்ல ஒண்ணா. கலியாணத்துக்கு முந்தி வராது. வந்தாலும், வேற இடத்தில கட்ட ஏலாதா எண்டு முதல் கேள்வி கேப்பாங்க. ஏலாதா?"

"எது?"

"குசினி. நீங்க போனதில இருந்து மேலதான் பாத்திருக்கீங்க. கீழ என்ன கட்டுறாங்க எண்டு பாத்தீங்களா?"

பலாமரத்து மோட்டார் சைக்கிள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தள்ளி நிறுத்தச் சொன்னவள் நான்தானே. விண்ணப்பத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வட்டையால் திரும்பி வந்தேன்.

வளவில் மேசன் இன்னும் இருந்தார். அளவு நாடாவைப் பிடித்து, குசினியைப் பின்பக்கத்தில் இருந்து மேற்குப் பக்கத்துக்குத் திருப்பிப் பார்த்தோம். சுவர் வரும், கதவு வரும், புகைக்கும் வழி வரும். எல்லாம் வந்து கடைசியில் வேலியில் இடித்தது. மூன்றடி குறைந்தது. அந்த மூன்றடி தங்கத்தின் வளவில் இருந்தது.

நான் சுற்றிப் போய்த் தங்கத்தின் படலையைத் தட்டினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கு அவர் சொல்லை நம்பாததுக்கு. பிறகு மூன்றடியைக் கேட்டேன்.

"தாறதுக்கு எனக்கு மனம் இல்லாம இல்ல மிஸ். பவித்ரா என்ர மடியில வளந்த புள்ள. ஆனா கேக்க வேண்டியவ வந்து கேக்கணும்."

திரும்ப இங்கே வந்து சொன்னேன். கண்மணியக்கா, "அவளிட்ட போய்க் கேக்கிறதுக்கு நான் கலியாணத்தையே நிப்பாட்டுவன்," என்றார். நான் அங்கேயும் இங்கேயும் மூன்று தரம் நடந்தேன். ஆறு வருடச் சண்டைக்கு ஜி.எஸ். கடிதம் எழுத முடியாது. நாலாம் தரம் நடக்காமல் கதிரையில் இருந்துவிட்டேன். பவித்ரா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

"அம்மா, குசினி எந்தப் பக்கம் இருந்தா என்ன? சமைக்கப் போறது அவர்தானே."

மாப்பிள்ளை கல்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மேசன் முதலில் சிரித்தார், பிறகு நான் சிரித்தேன். வேலிக்கு அங்காலும் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு, கேட்டது. கண்மணியக்காவின் முகம் எப்படியோ போனது. எழும்பி நடந்தார். வேலிக்கு நேராகப் போகவில்லை. என் கதிரைக்கு முன்னால் காலையில் இருந்தே கிடந்த அந்தப் பனம்பழத்தைக் குனிந்து எடுத்தார். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார். வேலியருகே போய், அதற்கு மேலால் இரண்டு கையாலும் நீட்டினார்.

"இந்தா," என்றார்.

தங்கம் வாங்கிக்கொண்டார். மணந்து பார்த்தார். "மூண்டடி காணாதுகா. கதவு திறக்க இடம் வேணும். நாலா எடு," என்றார்.

அன்று மாலையே வேலியைப் பிடுங்கினார்கள். குசினிக்குக் கூரை ஏறியது கலியாணத்துக்கு ஆறு நாள் முதல். மாப்பிள்ளையின் தாய் வந்து சுற்றிப் பார்த்து, காற்றோட்டம் நல்லாயிருக்கு என்றார். பின்வாசலுக்கு நேரே பனை நின்றது. கலியாணத்தில் பந்தலின் ஒரு மூலையை அதில்தான் கட்டியிருந்தார்கள். செயலகத்துக்கு நான் ஒரு வரியில் விளக்கம் எழுதினேன்: 'மரத்தில் ஏறிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.' அதன் பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் மட்டும் எனக்கு 'ஆண்பனை மிஸ்' என்று பெயர் வைத்தது. அதுவும் பரவாயில்லை, அதைவிட மோசமான பெயரோடு ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஆவணியில் கண்மணியக்கா கந்தோருக்கு வந்தார். சனங்கள் வரிசையில் நிற்க, ஒரு பெரிய பனம்பழத்தை என் மேசையில், கோப்புகளுக்கு நடுவில், வைத்தார்.

"மிஸ், உங்கட ஆண்பனை காய்ச்சிருக்கு."

கந்தோர் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வருடமும் வந்தார், அதே சொல். பிறகு ஒவ்வொரு வருடமும். இடையில் பக்கத்துப் பிரிவுக்கு மாறினேன், பனம்பழமும் கூடவே மாறி வந்தது. சனங்களிடம் பொருள் எதுவும் வாங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேலியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கந்தோரில் இருந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து தின்றுவிடுவோம். நான் செய்த பிழையை மறக்க விடக்கூடாது என்று இந்த மனுசி கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒரு விதத்தில் எனக்கு நல்லதும் செய்தது. அந்தப் பழம் வருகிற ஊரில் மரத்தில் ஆளை ஏற்றிப் பார்க்காமல் நான் ஒரு கடிதமும் எழுதவில்லை.

கடந்த ஆவணியில் எனக்கு அறுபது வயது. பல்நோக்கு மண்டபத்தில் பிரியாவிடை வைத்தார்கள். புதிதாக வந்த உங்களில் சிலரும் பின்வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்காகத்தான் அந்தப் பனைக் கதையைச் சொன்னேன். தரையில் கிடப்பதை நம்பாதீர்கள், அது எங்கிருந்து காற்றில் வந்தது என்று பாருங்கள், என்னைக் கச்சான் காற்று ஏமாற்றிவிட்டது என்று கையை வீசிப் பேசினேன். நல்ல கைதட்டு.

கூட்டம் கலைந்த பிறகு கண்மணியக்கா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். மடியில் வழமைபோல ஒரு பொதி. நான் முந்திக்கொண்டு, "என்ன அக்கா, என்ர ஆண்பனை காய்ச்சிருக்கா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குரலும் வழமையான குரல் இல்லை.

"மிஸ், கச்சான் காத்துக்கு அவ்வளவு பெலம் இல்ல."

"என்ன சொல்லுறீங்க?"

"அந்தக் கதிர் காத்தில வரல்ல. நீங்க வாறதுக்கு முதல் நாள், தங்கம் சந்தைக்குப் போன நேரம், அவட பனைக்குக் கீழ கூட்டிச் சாக்கில அள்ளிக்கொண்டு வந்து கொட்டினது நான். நுங்குக் குலையையும் ஆள் வச்சு வெட்டினன். ஒண்டு காவோலைக்குள்ள ஒளிச்சு நிண்டிட்டுது."

பதினொரு வருடமாகப் புதிதாக வருகிற எல்லாருக்கும் காற்றைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். பாவம், அந்தக் காற்று.

"புள்ளைட கலியாணம் எண்டு கண் மறைச்சிட்டுது மிஸ். நீங்க பாத்த உடன கண்டுபிடிப்பீங்க எண்டுதான் பயந்தன். நீங்க கண்டுபிடிக்கல்ல. மறுகா அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால பிழை என்ர எண்டு சொன்னீங்க. கண்மணியில பிழையில்ல எண்டும் சொன்னீங்க. எனக்குப் பூமிக்குள்ள போகலாம் போல இருந்திச்சு."

"அப்ப ஏன் அக்கா இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"சொன்னனே," என்றார் கண்மணியக்கா. "பதினொரு தரம் வந்து சொன்னன். நீங்கதான் சிரிச்சுச் சிரிச்சுத் திண்டுபோட்டு இருந்தீங்க."

வேலிக்கு மேலால் இரண்டு கையாலும் நீட்டப்பட்ட அந்தப் பழத்தை நான் கண்ணால் கண்டவள். தங்கம் அதை மணந்து பார்த்த உடனேயே விளங்கிக்கொண்டார். என் மேசைக்கு வந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு ஓய்வு பெற வேண்டியிருந்தது. பொதியை அவிழ்த்தார். பழத்தை வீட்டிலேயே சுட்டு, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காலியாகிக்கொண்டிருந்த மண்டபத்தில், இரண்டு பேரும் கையெல்லாம் மஞ்சளாகப் பிய்த்துத் தின்றோம். என்ன சொல்கிறது என்று தெரிந்து நான் தின்ற முதல் பழம் அது.